நாற்பத்தோராவது ஆள்

அத்தியாயம் 14

போன வாரம் பார்வதத்தைத் துணிக்கொடியடியில் நிறுத்திவிட்டு வந்தோம். புருஷனின் காக்கிச் சட்டையைப் பிழிந்து உதறியவள், “இந்த மனுஷன் சட்டையெல்லாம் ஏன் இப்படித் தொளதொளன்னு ஆயிக்கிட்டே போவுது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள் அல்லவா? அதற்குள் நாலைந்து வாசகிகள் பதில் எழுதிப் போட்டுவிட்டார்கள். சர்க்கரையாக இருக்கும் என்கிறார் ஒருவர். மாமியார் சாபம் என்கிறார் இன்னொருவர். பார்வதத்தின் மாமியார் போய்ச் சேர்ந்தே பத்து வருஷம் ஆகிறது. பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பார்வதத்தின் கணவர் பரந்தாமன், ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். ஐம்பத்திரண்டு வயதில் குவார்ட்டர்ஸில் யார் வீட்டு கேஸ் சிலிண்டரையும் ஒற்றைத் தோளில் தூக்கிப்போய் வைப்பவர். “டாக்டருங்க என்னைப் பார்த்தா பிழைப்பு போச்சேன்னு அழுவாங்க” என்று பீற்றிக்கொள்பவர். ஒரே மகள் தாட்சாயிணி, எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் கற்றுத்தரும் பட்டப்படிப்பில் கடைசி வருஷம் படிக்கிறாள். கல்லூரி பூந்தமல்லி சாலையில் இருக்கிறது.

“போட்டோ புடிக்கிறதுக்கா மூணு வருஷம் படிக்கணும்?” என்று எதிர்வீட்டு நாகம்மாள் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

“நீங்க போடுற பவுடரெல்லாம் ஸ்டூடியோவுல செல்லும். எம்பொண்ணு எடுக்கிற படத்துல செல்லாதுக்கா” என்பார் பரந்தாமன்.

இந்த வாரம் ஒரே ஒரு நாளைத்தான் சொல்லப்போகிறேன். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. பரீட்சைக்கு இன்னும் முப்பத்தாறு நாள்.

காலை பத்து மணிக்குப் படம் பார்க்கும் வகுப்பு. பாஸ்கரன் சார் அறை விளக்கை அணைத்துவிட்டு, லைட் பாக்ஸில் இரண்டு நெஞ்சுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அவருக்கு ஒரு பல்லவி உண்டு. “நோயைச் சொல்றது டாக்டர் வேலை. நம்ம வேலை என்ன? யார் படம், எந்தப் பக்கம், ஒழுங்கா எடுத்திருக்கா. இந்த மூணுல கோட்டை விட்டா டாக்டர் சொல்றது அத்தனையும் தப்பாப் போயிடும்.”

அன்றைக்கும் அதைச் சொன்னார். ஆனால் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

“ரெண்டுமே ஒரே ஆள். பேரு செங்கல்வராயன், நாப்பத்தொன்பது வயசு, ஃபேக்டரி பெயின்ட் ஷாப். இடது பக்கம் இருக்கிறது, மூணு வாரம் முன்னாடி நம்ம எக்ஸ்ரே வேன் அங்கே போய் நாப்பது பேருக்கு எடுத்ததுல ஒண்ணு. வலது பக்கம், அவரை இங்கேயே வரவழைச்சு ஒரு வாரம் கழிச்சு எடுத்தது. பாருங்க.”

பார்த்தார்கள். முதல் படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளை. ஓரமெல்லாம் பிய்ந்து பிய்ந்து இருந்தது. இரண்டாவது படத்தில் அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

“ஒரு வாரத்துல இது கரையாது. அப்போ என்ன அர்த்தம்?”

“படம் மாறிப்போச்சு சார்” என்றது முன் வரிசை.

“அன்னிக்கு வேன்ல, யார் படம்னு அடையாளம் தெரியற ஈய நம்பர் வெச்சது யாரு?”

கஸ்தூரி எழுந்தாள். தாட்சாயிணியின் உயிர்த்தோழி. எழும்போதே அழுகை. “சார், சாமி சத்தியமா நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பார்த்துதான் வெச்சேன் சார்.”

“சாமியா வந்து நம்பர் வெச்சது? நாப்பது பேர்ல ஒருத்தன், நெஞ்சுல இதை வெச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாம வேலைக்குப் போய் வந்துட்டிருக்கான். திங்கட்கிழமை நாப்பது பேருக்கும் லெட்டர் போகுது. எல்லாரையும் கூப்பிட்டுத் திரும்ப எடுக்கணும். உன் பிராக்டிகல் மார்க்கைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

தாட்சாயிணி இதையெல்லாம் அரைக் காதில்தான் வாங்கினாள். அவள் அந்த வெள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முதல் படத்து ஆளின் இடது தோள்பட்டை எலும்பை.

எலும்பு எப்போதோ முறிந்து, சரியாகச் சேராமல், ஒரு முனைமேல் இன்னொரு முனை ஏறிக் கூடியிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே கடுகு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. எண்பத்தொன்றில் ஃபேக்டரியில் செயின் கொக்கி அறுந்து அப்பாவின் தோளில் விழுந்தபோது உள்ளே புகுந்து, எடுக்க முடியாமல் டாக்டர்கள் விட்டுவிட்ட இரும்புத் துணுக்கு அது. அந்தப் பழைய படம் வீட்டு பீரோவின் மேல் இன்னும் இருக்கிறது. ஐந்து வயதில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தப் படிப்பின் மேலேயே கிறுக்கு வந்தது. பெற்ற அப்பாவின் முகம் மறந்தாலும் மறக்கும், அந்த எலும்பு அவளுக்கு மறக்காது.

படம் மாறவில்லை. ஆள் மாறியிருக்கிறார்.

செங்கல்வராயன் அப்பாவின் இருபது வருஷத்துச் சிநேகிதர். சிறு வயதில் அவருக்குக் காசநோய் வந்து குணமானது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பெயின்ட் ஷாப்காரர்களுக்கு வருஷா வருஷம் நெஞ்சுப் படம் உண்டு. ஃபிட்டர்களுக்குக் கிடையாது. வேன் போவதற்கு முந்தின நாள் அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, “நாளைக்கு உனக்கு கிளாஸா, வேனா?” என்று கேட்டாரே. கிளாஸ்தான் என்று இவள் சொன்னதும், “சரி சரி, படி” என்று போனாரே. எல்லாம் இப்போது வந்து வந்து குத்தியது.

திங்கட்கிழமை அழைக்கப்போகிற நாற்பது பேரில் பரந்தாமன் இல்லை. நாற்பது பேரையும் நாலு தடவை படம் எடுத்தாலும் அந்த வெள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. அது யாருடையது என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்தில் கஸ்தூரி கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டு விம்மினாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட தாட்சாயிணிக்குத் தைரியம் வரவில்லை.

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பூந்தமல்லியில் பஸ் மாறி, பருத்திப்பட்டில் இறங்கினாள். நேராகச் செங்கல்வராயன் வீடு.

அவருக்கு அன்று நைட் ஷிப்ட். வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கையிலிருந்த டியூப் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

“இன்னாம்மா இந்நேரத்துல? காலேஜி லீவா?”

“மாமா, இன்னிக்கு கிளாஸ்ல உங்க படத்தை மாட்டினாங்க.”

 உள்ளே பார்த்து, “ஏய் கெங்கா, கடைக்குப் போய் குடிக்க ஒரு கலரு வாங்கினு வா” என்று மனைவியை அனுப்பினார். கெங்கம்மாள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பாத்துட்டியா?”

“எங்க அப்பாதானே நின்னாரு?”

“நான் நிக்கச் சொல்லலம்மா. எனக்குப் பழைய நோவு கீதே, படத்துல வடு தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு கழிச்சுக் கட்டிடுவானேன்னு பொலம்பிகினு இருந்தேன். ‘போடா பயந்தாங்கொள்ளி, என் நெஞ்ச காட்டினா அதுக்குப் பதக்கமே குடுப்பான்’னு அவராத்தான் போய் நின்னாரு. அப்பால மொதப் படத்துல என்னவோ கட்டி தெரியுதுன்னு உங்க காலேஜிலேர்ந்து என்னைக் கூப்ட்டு உட்டாங்க. போனேன். இன்னா ஆவுமோன்னு நடுங்கிகினே நின்னேன். ஒண்ணுமேயில்லேன்னு சொல்லிட்டாங்கம்மா. வடுவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் பயந்ததே தண்டம்.”

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

தாட்சாயிணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்போ அது யாருதுன்னு உங்களுக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்குமே மாமா! ரெண்டு வாரம்! ரெண்டு வாரமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? உங்க உசுருன்னா வெல்லம், எங்கப்பா உசுருன்னா...”

“அன்னிக்கே சொல்லிட்டேம்மா.”

“யார்கிட்ட?”

“பஸ்ஸ உட்டு எறங்கி எம் ஊட்டுக்குக்கூட வரல. நேரா உங்க ஊட்டாண்டதான் போனேன். உங்க அப்பாவத் தண்ணி டாங்கிக்குப் பின்னால கூட்டினு போய்ச் சொன்னேன்.  ‘பாப்பாவுக்குப் பரீட்ச வருதுடா, அது முடியற வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாது’ன்னு திங்கற சோத்து மேல சத்தியம் வாங்கிகினாரு. நீ அடிம்மா, செருப்பால அடி, வாங்கிக்கிறேன். தெனம் ராத்திரி தூக்கமில்லாம சாவுறேன்.”

பெரிய மனுஷர் ஒருவர் தெருவில் உட்கார்ந்து கேவுவதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவரைத் தேற்றவும் அவளால் முடியவில்லை. கெங்கம்மாள் கலர் பாட்டிலோடு வருவதற்குள் நடந்தாள். குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்தே போனாள். வழியில் எங்கே அழுதாள், எங்கே நிறுத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நாலரைக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதியது. ஐந்து மணிக்குப் பரந்தாமன் சைக்கிள் மணி. பார்வதம் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். அவர் பின்கட்டுக் குழாயடியில் குந்தி, கையில் சலவை சோடாவைக் கொட்டி கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் இருமினார். இருமிவிட்டுத் தண்ணீரை வேகமாக ஊற்றித் தரையைக் கழுவினார்.

“ரத்தமாப்பா?” என்றாள் பின்னால் நின்று.

அவர் திரும்பவில்லை. “வெத்தலைம்மா.”

“நீங்க வெத்தலை போடறதில்லையேப்பா.”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எட்டி மூடினார். “சொல்லிட்டானா, அந்த ஓட்டை வாயன்?”

“அவர் சொல்லல. நான் பார்த்தேன். உங்க தோள்பட்டையை எனக்கு அடையாளம் தெரியாதா? என்னை என்னன்னு நினைச்சீங்க?”

பரந்தாமன் மகளை நிமிர்ந்து பார்த்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த முகத்தில் ஒரு நொடி பெருமை வந்தது. “பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டியா?” என்றார்.

அதுதான் அவளை உடைத்துப்போட்டது. அடுத்த வீட்டுக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் கத்தினாள். “சிரிக்காதீங்கப்பா! ரெண்டு வாரம் சும்மா இருந்திருக்கீங்களே! என்ன நினைப்பு உங்களுக்கு?”

“முப்பத்தாறு நாள்தானேம்மா. காலண்டர்ல தினம் கிழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ பரீட்சை எழுதி முடி. அப்புறம் நீ எந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே வரேன். இப்போ சொன்னா நீ படிப்பியா? புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு என் கட்டிலண்டை உக்காருவே. எனக்குத் தெரியாதா உன்னை?”

“நான் எதுக்குப்பா படிக்கிறேன்? ஊர்ல இருக்கிறவன் நெஞ்சையெல்லாம் படம் எடுக்கிறதுக்கு நான் படிச்சு, எங்கப்பா நெஞ்சுல இருக்கிறதை முப்பத்தாறு நாள் வளரவிட்டுட்டு, அந்த சர்டிபிகேட்டை வாங்கி எங்கே மாட்டச் சொல்றீங்க? உங்க படத்துப் பக்கத்துலயா?”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.  பக்கத்து வீட்டில் யாரோ மாவாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் முப்பத்தாறு நாள்” என்றார் அவர் பிடிவாதமாக. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு பார்வதம் இருபத்தைந்து வருஷம் எப்படிக் குடித்தனம் செய்தாளோ.

“திங்கட்கிழமை நாப்பது பேருக்கும் லெட்டர் போகுதுப்பா” என்றாள் அவள், அலுத்துப்போய்.

“எந்த நாப்பது பேரு?”

“பெயின்ட் ஷாப். படம் மாறிப்போச்சுன்னு நினைச்சுட்டாங்க. உங்கள்ல ஒருத்தருக்கு நெஞ்சுல கட்டி இருக்கு, யாருன்னு தெரியல, வந்து நில்லுங்கன்னு கூப்பிடப்போறாங்க. நம்பர் வெச்ச கஸ்தூரிக்கு மார்க் போகப்போகுது.”

பரந்தாமன் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். இது அவருக்குத் தெரியாது.

“நாப்பது பேருக்குமா? அடப்பாவி. அங்கே சின்னப்பையன்னு ஒருத்தன் இருக்கானே, அவன் சம்சாரம் எட்டு மாசக் கர்ப்பம்டி. எத்திராஜ் ரெண்டு நாள் ஜுரத்துக்கே பிள்ளைங்களைக் கூப்பிட்டு சொத்தைப் பிரிக்கிறவன். நாப்பது வீட்டுல அடுப்பு எரியுமா? அந்தப் பொண்ணு வேற, கஸ்தூரி... நம்ம வீட்டுல வந்து பூரி சாப்பிட்டுதே, அந்தப் பொண்ணா?”

“அவளேதான்.”

எழுந்தார். கையைத் துடைத்தார். “உங்க சார் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?”

“ஏழு. அப்பா, கேளுங்க. நாம வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம். காலேஜ்ல உங்க படம் எடுத்தா, அதையும் செங்கல்வராயன் மாமா பேர்ல இருக்கிறதையும் வெச்சுப் பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒரே ஆள்னு தெரிஞ்சிடும். உங்க வேலை, அவர் வேலை, இந்த வீடு...”

“வேற இடத்துக்குப் போனா அந்த நாப்பது பேரு?”

அவள் குழாயடிச் சொம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் நின்னேன். நானே போய் நிக்கிறேன். சட்டையை எடு.”

மகளுக்காக வரமாட்டேன் என்றவர், தன் உயிருக்காக வரமாட்டேன் என்றவர், பெயின்ட் ஷாப்காரர்கள் வீட்டு அடுப்புக்காக வருகிறார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் தாட்சாயிணி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பொத்தானைப் போட்டதும் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடம் இருந்தது.

வாசலில் மண்ணெண்ணெய் டின்னோடு பார்வதம் எதிர்ப்பட்டாள். “அப்பனும் மகளும் எங்கே, மாப்பிள்ளை பார்க்கவா?”

“காலேஜ்ல என்னவோ கையெழுத்து போடணுமாம்” என்றார் பரந்தாமன்.

“சீக்கிரம் வந்து சேருங்க. அடைக்கு அரைச்சு வெச்சிருக்கேன். சூடா நாலு தின்னாத்தான் இந்த உடம்பு தேறும்.” காலரை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். தாட்சாயிணி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்திருந்தால் அங்கேயே எல்லாம் கொட்டியிருக்கும்.

காலேஜ் எக்ஸ்ரே பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறே கால். மாலை டியூட்டி பத்மா அக்கா சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

“பேரு?”

“பரந்தாமன். வயசு அம்பத்திரெண்டு. ஃபிட்டர்.” வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

“யாருடி தாட்சா, உங்கப்பாவா?” என்று பத்மா அக்கா சிரித்தாள். “அப்போ நீயே எடு. நான் டார்க் ரூம்ல இருக்கேன். பாஸ்கரன் சார் உள்ளேதான் இருக்காரு, கழுவினதும் காட்டிடலாம்.”

கதவு சாத்தியது. அப்பாவும் மகளும் மட்டும்.

“சட்டையைக் கழட்டுங்கப்பா.” கழற்றி மடித்து ஸ்டூலில் வைத்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. பனியனோடு திரிகிற மனுஷன்தான், இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று தன்னைத்தானே சபித்துக்கொண்டாள்.

“இதுல மோவாயை வைங்க. நெஞ்சை நல்லா ஒட்டி நில்லுங்க. கையை இடுப்புல வெச்சு முழங்கையை முன்னால தள்ளுங்க.”

“சில்லுனு இருக்கே” என்றார். “நீ எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லுவியா?”

“ஆமாம்பா.”

“நல்லா சொல்றே. அதட்டாம சொல்றே.” கொஞ்சம் நிறுத்தி, “உங்கம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காதே” என்றார்.

தாட்சாயிணி ஈய நம்பரை இரண்டு தடவை தப்பாக வைத்து, மூன்றாவது தடவை சரிசெய்துவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. 

“மூச்சை நல்லா இழுங்கப்பா.”

இழுத்தார். முதுகு விரிந்தது.

“அப்படியே நிறுத்துங்க.”

நிறுத்தினார். பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமி, ஒரு சொடுக்குப் போட்டு, அடங்கியது. படம் விழுந்துவிட்டது.

இனி ஒரு வார்த்தைதான் பாக்கி. மூச்சு விடலாம் என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று வருஷத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு, சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொன்ன வார்த்தை. வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, மகள் சொல்லட்டும் என்று, மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றுகொண்டே இருந்தார்.